நாலு விரல் சுவர்

மாரீஸ்வரியின் மேல்வரிசைப் பற்கள் நகரத் தொடங்கிய வெள்ளிக்கிழமையன்றே அவள் குடியிருந்த வளவின் வீடுகளும் நகரத் தொடங்கின என்பதை முதலில் கண்டுபிடித்தவள், அதே வளவில் இட்லி மாவு அரைத்து விற்கும் தங்கபுஷ்பம். விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய் முகம் கழுவி வந்து பார்த்தால், ஓரத்து வரிசைப் புள்ளிகள் எல்லாம் அவளுடைய சொந்த வாசற்படிக்கு அடியில் போயிருந்தன.

"ஊரான் மிதிச்சா சண்டைக்குப் போகலாம். என் வீடே என் கோலத்தை மிதிச்சா யாருகிட்ட போய்ச் சொல்ல?" என்று அவள் முற்றத்தில் நின்று கேட்டாள்.

கோவில்பட்டியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் லாடம்போல வளைந்து நின்ற வளவு அது. இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஏழு என்று பதினான்கு வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், லாடத்தின் திறந்த பக்கத்தில் வாசல். பதினைந்து நாளைக்கு ஒரு வெள்ளிக்கிழமை வீடுகள் நகர்ந்தன. ஒன்று அரைச் சாண் முன்னால் வந்தது, ஒன்று அரைச் சாண் பின்னால் போனது, ஒன்று தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல லேசாகத் திரும்பிக்கொண்டது. நிலம் அளக்கிறவர் வந்து மூன்று தடவை அளந்தார், எல்லைக்கல்லும் கூடவே நகர்ந்திருந்ததால் மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். வயர்மேன் மின்கம்பிகளைக் கொஞ்சம் தொய்வாக விட்டுக் கட்டினார், குழாய்க்காரர் இரும்புக் குழாயை எடுத்துவிட்டு ரப்பர் குழாய் மாட்டினார். நகர்ந்த பிறகு இரண்டு நாளைக்குக் கதவுகள் இறுகிக்கொள்ளும், சுவர்கள் முனகும். அந்த இரண்டு நாளும் யாரும் ஆணி அடிப்பதில்லை, அம்மிக் குழவியை ஓங்கி வைப்பதில்லை, சுவருக்கு நோவு இருக்கிறது என்று பிள்ளைகளைப் பந்தடிக்கவும் விடுவதில்லை. ஒரு மாதத்தில் இதுவும் தண்ணீர் வரும் நாள்போல ஒரு வழக்கமாகிவிட்டது.

இது எதுவும் தெரியாமல், இரண்டு தெரு தள்ளி, டாக்டர் இசக்கியம்மாள் தன் புதிய மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஊரில் அவளுக்குக் கம்பி டாக்டர் என்று பெயர். கோணல் பற்களுக்குக் கம்பி போட்டுச் சீராக்குகிற வேலையைப் பதினொரு வருடமாகச் செய்துவந்தாள். கூச்ச சுபாவம் அவளுக்கு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடக்கும் மனிதர்களோடு இருப்பது அவளுக்கு வசதியாக இருந்தது. அவளுடைய ஒரே எதிரி கடலைமிட்டாய். ஊரே கடலைமிட்டாய்ப் பாகில் மணக்கும்போது பற்களில் ஒட்டிய கம்பி எத்தனை நாள் நிற்கும்? "மிட்டாய் கடிச்சீங்களா?" என்று கேட்டால், கம்பியில் பாதிக் கடலை மாட்டியிருக்க, "இல்லவே இல்ல டாக்டர்" என்பார்கள். அதற்காகத்தான் அவள் அந்த ஸ்கேனரை வாங்கினாள். பேனா பருமனில் ஒரு கருவியை வாய்க்குள் சுற்றிக் காட்டினால் பற்களின் படம் திரையில் எழும், அதை வைத்து, பற்களை ஒவ்வொரு படியாக நகர்த்த, கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகள் செய்து வரும், சாப்பிடும்போது கழற்றிக்கொள்ளலாம், கடலைமிட்டாயும் கடிக்கலாம்.

சொல்வதற்கு லேசாகத்தான் இருந்தது. உதடு குறுக்கே வந்தால் மெஷின் நின்றது, எச்சில் ஊறினால் நின்றது, கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கச் சொன்னது, "செல்பியா டாக்டர்?" என்று கேட்டுச் சிரித்து நோயாளிகள் படத்தைக் கலைத்தார்கள். படம் சரியாக வந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. திரையில் பற்கள் எண்ணெயில் வழுக்குவதுபோலப் போய் வரிசையில் நின்றன, தங்களுக்கு வேர் இருப்பதே தெரியாததுபோல.

அந்த மெஷினில் முதல் ஆளாக வந்தவள் மாரீஸ்வரி. வயது இருபத்தேழு, பால்வாடியை அடுத்த சின்னப் பள்ளியில் யூகேஜி டீச்சர். மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் இடமில்லாமல் வரிசைக்கு வெளியே தள்ளி, ஈறில் மேலே ஏறி நின்றது. சிரிக்கும்போது வலது கை தானாக வாய்க்குப் போகும். அதைப் பார்த்துப் பார்த்து அவள் வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தன. இப்படியான நெரிசலுக்கு இசக்கியம்மாளின் வழி எப்போதும் ஒன்றுதான்: கோரைப்பல்லுக்கு அடுத்து, நடுவிலிருந்து எண்ணினால் நாலாவதாக வரும் பல்லைப் பிடுங்கி இடம் பண்ணுவது. மெஷின் பிடுங்க வேண்டாம் என்றது, பதினைந்து நாளைக்கு ஒன்றாக இருபத்தெட்டு உறை போதும் என்றது. எந்த வழிக்கும் முதல் நாலு உறை பொது என்பதால் அவற்றை மாட்டி அனுப்பிவிட்டு, பல் பிடுங்க ஒரு தேதியும் குறித்துவைத்திருந்தாள்.

இரண்டாவது மாதம் வந்தபோது மாரி திரையைப் பார்த்துவிட்டு, "டாக்டர், இது எங்க வளவு" என்றாள்.

மேலேயிருந்து எடுத்த படம் அது, லாடம்போல வளைந்த பதினான்கு பற்கள். மாரி விரலை வைத்துக் காட்டினாள். "வாசல்கிட்ட இது கண்டக்டர் அண்ணாச்சி வீடு. இது டைல்ஸ் போட்ட செல்லப்பா அண்ணன் வீடு. இது தங்கபுஷ்பம் சித்தி. இந்தா, வெளிய தள்ளி மேல ஏறி நிக்கிது பாருங்க, இது எங்க வீடு."

வளவில் மாரியின் வீடு மட்டும் வரிசையில் இடம் கிடைக்காமல் பின்னால் நழுவி, ஐந்து படி உயரத்தில் நின்றது. ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடைவெளியில்தான் அதற்குப் போக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அவள் அப்பா ஆவுடையப்பனுக்கு வாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டதிலிருந்து அவர் அந்த ஐந்து படி இறங்கவில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கலாம் என்றால் நாற்காலி அந்த இடைவெளியில் நுழையாது. "எறங்கி வாசல் டீக்கடையில ஒரு டீ குடிக்கணும்ங்காரு" என்றாள் மாரி. "நான் பல்லுக்குன்னுதான் வந்தேன் டாக்டர். இப்ப வீடும் நகருதுன்னு தெரிஞ்ச பிறகு, அவருக்காகத்தான் ஒழுங்கா மாட்டுதேன்."

இசக்கியம்மாள் ஆச்சரியப்படவில்லை. ஒரு பல்லை நகர்த்தினால் கூடவே என்னவெல்லாம் நகரும் என்பது அவளுக்குப் பாடம் நடத்தியவர்களுக்கே முழுதாகத் தெரிந்ததில்லை. வாய்க்குள் பார்க்கும் கண்ணாடிக் கரண்டியின் காம்பால் நாலாவது பல்லை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். உடனே மாரியின் போன் அடித்தது.

"ஏ மாரி, அலமாரியில இருந்த பாத்திரம் பூராவும் கீழ விழுந்துட்டு. அங்க என்ன பண்ணுதீங்க?" என்றது தங்கபுஷ்பத்தின் குரல்.

நாலாவது பல், தங்கபுஷ்பத்தின் வீடு. இசக்கியம்மாள் பிடுங்கத் தேதி குறித்துவைத்திருந்த பல்.

செய்தி வளவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று தங்கபுஷ்பம் வீடுகளை எண்ணிப் பார்த்தாள். டாக்டர் எண்ணுவதுபோல நடுவிலிருந்து எண்ணினாலும் நாலு வந்தது, வாசலிலிருந்து எண்ணினாலும் நாலு வந்தது. மறுநாள் மாவு வாளியைக் கையிலெடுத்துக்கொண்டு நேராகக் கிளினிக்குக்கு வந்து, மாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் வேண்டாம்னா சொல்லுதேன் டாக்டரம்மா? அவ அப்பா எனக்கு அண்ணன் மாதிரி. பிடுங்கினா என் கிரைண்டர் எங்க போகும்னு மட்டும் சொல்லுங்க."

"தெரியாதும்மா" என்றாள் இசக்கியம்மாள்.

"பிடுங்கின பல்லை என்ன செய்வீங்க?"

"பாட்டில்ல போட்டு வைப்பேன்."

தங்கபுஷ்பம் அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். பதினொரு வருடத்துப் பற்கள் அதில் கழுத்துவரை இருந்தன. வாளியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

மாரி தரையைப் பார்த்தபடி, "பிடுங்கினா எட்டு மாசம் முன்னாடியே முடியும்னீங்கல்லா டாக்டர்" என்றாள். சொன்ன மறுகணமே அவளுக்கு அழுகை வந்தது. தங்கபுஷ்பம் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, "அழாதட்டி, வாய்க்குள்ள வேலை நடக்கையில மூக்கு ஒழுகக் கூடாது" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டயம் குடுங்க" என்றாள் இசக்கியம்மாள். அவள் ஒரு நாளில் பேசுகிற அளவுக்கு அது நீளமான பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு, மெஷின் வந்த பிறகு தொடாமல் போட்டிருந்த சாந்தைக் குழைத்து, மாரியின் பல் அச்சைச் சுண்ணாம்பு வெள்ளையில் வார்த்தாள். மெல்லிய ரம்பத்தால் பதினான்கு பற்களையும் தனித்தனியாக அறுத்து எடுத்தாள். மெழுகை வளைத்துவைத்து அதில் ஒவ்வொரு பல்லாக நட்டாள். மெஷின் சொன்னபடியே, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் தலைமுடி இரண்டு மூன்று சேர்ந்த அளவு மட்டும் ராவி, வளைவைக் கொஞ்சம் அகலமாக்கி, நாலாவது பல்லை அதன் இடத்திலேயே வைத்து, கடைசியில் கோரைப்பல்லைக் கையில் எடுத்தாள். அது உட்கார்ந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள், மறுபடியும் உட்கார்ந்தது. இடம் விஷயத்தில் மெஷின் சொன்னது சரி. ஆனால் உயரத்தில் நிற்கும் கோரைப்பல் வெறும் உறைக்கு மயங்கி இறங்கி வராது என்பது அவள் கைக்குத் தெரியும். அதன்மேல் ஒரு சின்னப் பொத்தான் ஒட்டி ரப்பர் மாட்டி இழுக்க வேண்டும். அதை மெஷின் சொல்லவில்லை. அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். அதிலிருந்த சிலவற்றையாவது பிடுங்காமல் இருந்திருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு மெழுகுப் பற்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு நோயாளியின் வீட்டுக்கு நடந்தாள்.

முற்றத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு தன்னைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமில்லை. குழாய்மேடையில் மெழுகுப் பற்களை வைத்து, அதைப் பார்த்தே பேசினாள்.

"யார் வீடும் போக வேண்டாம். ஆனா எல்லா வீட்டுச் சுவரும் பக்கத்துக்கு நாலு விரல் தேயும். எல்லாரும் குடுத்தா மாரி வீட்டுக்கு இடம் வந்துரும்."

செல்லப்பா எழுந்தார். "நாலு விரல்னு லேசாச் சொல்லுதீங்க. போன மாசம்தான் குளியலறைக்கு டைல்ஸ் போட்டேன். ஏற்கெனவே திரும்ப எடமில்ல."

"வயித்தை உள்ள இழுத்துக்கிட்டுக் குளி" என்றாள் தங்கபுஷ்பம்.

"நீ பேசாம இரு மதினி. உன் வீடு தப்பிச்சுட்டுன்னு பேசுத."

அப்போது வாசல் வீட்டுச் சங்கரபாண்டி அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் விசிலைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "செல்லப்பா, என் சர்வீஸ்ல எடமில்லன்னு ஒரு ஆளை நான் எறக்கி விட்டதில்ல. உக்காந்திருக்கவன் இடுப்பைக் கொஞ்சம் நகட்டினா இன்னும் ஒரு ஆள் உக்காரலாம். எந்த பஸ்லயும் உக்காரலாம். நகரு."

"அண்ணாச்சி, இது பஸ் இல்ல."

"நகருதுல்லா?" என்றார் அண்ணாச்சி.

முற்றம் சிரித்தது. செல்லப்பாவும் சிரித்துவிட்டதால் அதற்குப் பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. ஐந்து படிக்கு மேலே ஜன்னலில் ஆவுடையப்பனின் முகம் தெரிந்தது. அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

பற்களுக்கிடையில் ராவிய நாள் பதினான்கு வீட்டிலும் சுவரோரத்தில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது, முறம் முறமாக அள்ளி ரயில் பாதைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டினார்கள். செல்லப்பாவின் டைல்ஸில் ஒன்று மட்டும் விரிந்தது, அதை அவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். கோரைப்பல்லில் இசக்கியம்மாள் பொத்தான் ஒட்டிய அன்று மாரி வீட்டு முன்சுவரில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு எழும்பியது. ஆவுடையப்பன் அதில் தன் சட்டையைத் தொங்கப் போட்டார். ரப்பர் மாட்டியதும் முற்றத்துக் கொடிக்கயிறுகள் எல்லாம் விறைத்து நின்றன, துணி காயப்போட்டால் மீட்டினதுபோல ஒரு சத்தம் வந்தது. ஒன்பதாவது உறையில் முதல் படி மண்ணுக்குள் போனது.

எல்லாம் இப்படியே போயிருக்கும், ஆவுடையப்பன் ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருந்தால்.

"நான் கீழ போயி டீ குடிக்கிறது எத்தனையாவது உறையில வருது?"

"இருபத்தெட்டுலப்பா."

"இப்ப எத்தனை?"

"பதினொண்ணு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மாரி பன்னிரண்டாவது உறையை விட்டு, பதின்மூன்றை விட்டு, பதினாலையும் விட்டு, பதினைந்தை எடுத்து மாட்டினாள். அது உட்காரவில்லை, கடித்துக் கடித்து உள்ளே தள்ளினாள்.

அன்று மாலை தங்கபுஷ்பத்தின் கதவு இறுகியது, திறக்கவே இல்லை. உள்ளே அவளும் இரண்டு வாளி மாவும். மறுநாள் காலையில் மாவு பொங்கிக் கதவுக்கு அடியில் வெளியே வழிந்தது. "வாங்க வந்தவங்க யாரும் கவலைப்படாதீங்க, ஜன்னல் வழியாத் தாரேன்" என்று அவள் உள்ளேயிருந்து மாவு அளந்துகொண்டிருந்தாள்; ஆனால் சுவர் உச்சியில் ஒரு கீறல் கையளவுக்கு ஓடியிருப்பதை அவள் பார்த்துவிட்டாள் என்பது, அவள் சிரிக்காமல் பேசியதில் தெரிந்தது.

இசக்கியம்மாள் வந்தாள். கீறலைப் பார்த்தாள், மாரியின் வாயைப் பார்த்தாள், உறையைக் கழற்றினாள். அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை; அன்றும் குரல் உயரவில்லை.

"மாரி, பல்லு நகரணும்னா ஒரு பக்கம் எலும்பு கரையணும், இன்னொரு பக்கம் எலும்பு கட்டணும். அதுக்கு அதோட நேரம் உண்டு. நான் சொன்னாலும் கேக்காது, கம்ப்யூட்டர் சொன்னாலும் கேக்காது, உங்க அப்பா சொன்னாலும் கேக்காது."

"தப்புத்தான் டாக்டர்."

"நானும்தான். எட்டு மாசம் மிச்சம்னு நானும் ஒரு வீட்டைப் பிடுங்க இருந்தேன்."

பதினொன்றாவது உறைக்கே திரும்பிப் போய் ஒரு மாதம் இருந்தார்கள். மூன்றாம் நாள் கதவு திறந்தது. கீறல் கூடவில்லை, குறையவும் இல்லை, தங்கபுஷ்பம் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டி, உறை மாற்ற வேண்டிய வெள்ளிக்கிழமைகளைச் சிவப்பில் வட்டம் போட்டுவைத்தாள். அதற்குப் பிறகு மாரி ஒரு உறையைக்கூட மறக்கவோ தாண்டவோ முடியவில்லை. சாப்பிட்டு எழுந்தால் பதின்மூன்று வீட்டிலிருந்தும் குரல் வந்தது. எத்தனையோ பேர் உறையைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி ஹோட்டல் மேசையில் மறந்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்துச் சலித்த இசக்கியம்மாளுக்கு இப்படி ஒரு நோயாளி அதுவரை வாய்த்ததில்லை.

பதினேழில் இரண்டாவது படி போனது, இருபதில் மூன்றாவது. இருபத்துநாலில் இடைவெளி அகன்று சைக்கிள் உள்ளே போனது. வீடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்து, இறங்கி, இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் நடுவில் தயங்கித் தயங்கித் தோளை நுழைத்தது, கூட்டமான பந்தியில் கடைசியாக வந்த ஆளைப்போல.

இருபத்தெட்டாவது உறை முடிந்த சனிக்கிழமை மாரி கிளினிக்கில் படுத்திருந்தாள். பொத்தானை எடுத்தாகிவிட்டது, இசக்கியம்மாள் கடைசி ஸ்கேனுக்காகக் கருவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள், மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்போது போன் வந்தது.

"மாரி, உங்க அப்பாவக் காணோம்" என்றாள் தங்கபுஷ்பம். "கதவு திறந்து கெடக்கு. ஆள் இல்ல."

இரண்டு பேரும் ஓடினார்கள், இசக்கியம்மாள் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. வளவில் ஆளாளுக்கு ஒரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் இல்லை, பின்னால் இல்லை, ரயில் பாதைப் பக்கம் செல்லப்பா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

வாசல் டீக்கடை பெஞ்சில், ஊன்றுகோலைத் தொடைமேல் குறுக்கே போட்டுக்கொண்டு ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சங்கரபாண்டி அண்ணாச்சி வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"சீனி கம்மியாப் போட்டிருக்கான்" என்றார் ஆவுடையப்பன், மகளைப் பார்த்ததும். "மூணு வருசத்துல டீயைக் கெடுத்துட்டாங்க."

"யாருப்பா உங்கள எறக்கி விட்டா?"

"எறங்கினாத்தானே எறக்கி விட. படி எங்க இருக்கு? கதவைத் திறந்தேன், நடந்து வந்தேன்."

மாரி சிரித்தாள். மூச்சிரைப்பும் அழுகையும் சேர்ந்து வந்த சிரிப்பு அது, தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வலது கை வழக்கம்போலப் பாதி தூரம் எழும்பியது. அதற்குள் ஆவுடையப்பன் டீ கிளாஸை அந்தக் கையில் கொடுத்து, "நீயே குடிச்சுப் பாரு" என்றார். இசக்கியம்மாள் பதினான்கு மாதமாகத் திரையிலும் சாந்திலும் மெழுகிலும் பார்த்த பற்கள் அத்தனையும் வெயிலில் ஒரே வரிசையாகத் தெரிந்தன. தன் தோள்பட்டை இறங்குவதை அவள் உணர்ந்தாள். அது இத்தனை நாளும் மேலே ஏறி நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"இனிமே நகராதே டாக்டரம்மா?" என்று கேட்டார் செல்லப்பா, இரைத்துக்கொண்டே.

"தூங்கும்போது ஒரு கிளிப் போடணும். ஆயுசுக்கும். விட்டா திரும்பிப் போயிரும்."

"அத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள் தங்கபுஷ்பம்.

அண்ணாச்சி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்கள். கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அப்படிக் கிடைத்த இடத்தில் இசக்கியம்மாளும் உட்கார்ந்தாள். டீயில் சீனி கம்மியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை யூகேஜி வகுப்பில் ஏதோ ஒரு பையனின் பென்சில் டப்பா விழுந்து உருண்டதற்கு டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளைகள் அவளை ஒரு நிமிடம் பார்த்தார்கள். பிறகு இருபத்துமூன்று பேரும், வாயைப் பொத்தாமல், சிரித்தார்கள். பாதிப் பேருக்கு முன்பல் இல்லை.